கால்விரல்தானே என்று விட்டுவிடலாமா?

பெண் குழந்தைகளைக் கராத்தே வகுப்புக்கு அனுப்பும் தாய்மார்களுக்காக இந்த முறை எழுதுகிறேன். கராத்தேயில் செருப்பு கிடையாது, ஷூ கிடையாது, வெறுங்கால்தான். அதனால் கால்விரலில் அடிபடுவது சகஜம். முன்னால் உதைக்கும்போது விரல்களை மேலே வளைத்துக்கொண்டு, அவற்றுக்கு அடியிலுள்ள மெத்தென்ற பாகத்தால்தான் உதைக்க வேண்டும். ஒரு நொடி விரல் நீண்டுவிட்டால் போச்சு!

பத்தாவது படிக்கும் என் சின்னப் பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று. எதிரே நின்றவளின் முழங்கையில் மோதி, நாலாவது விரல் ராத்திரிக்குள் கத்திரிக்காய் நிறத்துக்கு வீங்கிவிட்டது. "விளக்கெண்ணெய் தடவி நீவி விடும்மா" என்றார் என் மாமியார். "பொம்பளைப் பிள்ளைக்கு உதையெல்லாம் எதுக்கு? இதோட நிறுத்துங்க" என்றார் பக்கத்து வீட்டு மாமி. நான் நீவவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. எலும்பு விண்டிருந்தால் நீவுவது அதை இன்னும் விலக்கிவிடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு கால் மணி நேரம் வைத்தேன் (வெறும் ஐஸை வைத்தால் தோல் புண்ணாகும்). காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கச் சொன்னேன். காலையில் டாக்டரிடம் போனோம்.

எக்ஸ்ரேயில் மெல்லிய விரிசல். மாவுக்கட்டு வேண்டாமாம். அடிபட்ட விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து பிளாஸ்திரி ஒட்டினால் போதும். அந்த நல்ல விரலே இதற்குச் சிம்பு. இரண்டுக்கும் நடுவே பஞ்சு வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வியர்வை தங்கித் தோல் வெந்துவிடும். குளித்ததும் பஞ்சை மாற்றுங்கள். விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். கட்டைவிரல் அடிபட்டாலும், விரல் கோணினாலும், தோல் கிழிந்தாலும் வீட்டு வைத்தியமே கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் சின்ன அடிக்கும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

எலும்பு கூட 4 முதல் 6 வாரம் ஆகும். தொல்லை எங்கே என்றால், மூன்றாவது வாரமே நடக்க வலிக்காது! அந்த வாரத்தில்தான் இவளுக்குப் பச்சை பெல்ட் பரீட்சை. "வலிக்கவே இல்லைம்மா" என்று ஒரே அழுகை. "சரி, அந்த ஒத்தைக் காலில் நுனிவிரலில் எழும்பி நில்லு பார்ப்போம்" என்றேன். முகம் சுளித்துவிட்டது. பரீட்சை போயிற்று. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனாலும் சும்மா உட்காரவில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே கைக்குத்துகளைப் பழகினாள். டாக்டர் சம்மதித்து, நுனிவிரலில் நிற்பதும் ஒற்றைக்கால் குதியும் வலியில்லாமல் வந்தபிறகு, முதலில் வெறும் காற்றில் உதைத்தாள். அப்புறம் பஞ்சு மூட்டை. எதிராளியோடு மோதுவது கடைசியில்தான்.

இப்போது வகுப்புக்குக் கிளம்பும்போது பிளாஸ்திரியை அவளே ஒட்டிக்கொள்கிறாள். "பஞ்சு வச்சியா?" என்று கேட்பது மட்டும் என் வேலை.