சைலன்சர் என்னும் பொய்ப்பெயர்

நம் மாத நாவல்களில் சைலன்சர் பொருத்திய துப்பாக்கி மெல்ல முனகும். அடுத்த அறையில் உறங்குபவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். உண்மையில் ரைபிளின் வெடியோசை 160 டெசிபெல்லைத் தாண்டும். சைலன்சர் அதில் 30 அளவுக்குக் குறைத்தாலே பெரிது. தோட்டா ஒலியை விஞ்சிப் பறக்கையில் காற்றைக் கிழிக்கும் சத்தத்தை அதனால் தொடவே முடியாது. 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஹைரம் பெர்சி மாக்சிம், இயந்திரத் துப்பாக்கியைப் படைத்து அதன் ஓசைக்கே தன் செவிகளைப் பலிகொடுத்த ஹைரம் மாக்சிமின் மகன் என்பது கதாசிரியர்கள் தவறவிட்ட கதை.

பெயரைவிட என்னை உறுத்துவது வேறு. அடைபட்ட வாயு எங்கே போகிறது?

தானியங்கி ரைபிள்கள் பலவும், வெடிமருந்து வாயுவில் ஒரு பங்கைக் குழலிலுள்ள சிறு துளைவழி எடுத்து, அதைக் கொண்டே காலி உறையை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கின்றன. யூஜின் ஸ்டோனர் 1950களில் வடிவமைத்து, பின்னர் எம்16 ஆன ரைபிளில் அவ்வாயு மெல்லிய குழாய் வழியே பின்னோக்கி வந்து போல்ட் பகுதிக்குள்ளேயே புகுகிறது. கலாஷ்னிகோவிலும் ஜெர்மானிய எச்கே416இலும் அது முன்புறமே ஒரு பிஸ்டனைத் தள்ளிவிட்டு விலகுகிறது. குழல்முனையில் சைலன்சரைத் திருகியதும் வாயு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அழுத்தம் நீடித்து, போல்ட் உரிய நேரத்துக்கு முன்பே வேகமாகத் திறக்கிறது. ஈயத்துகளும் கார்பன் மோனாக்சைடும் கலந்த புகை சுடுபவரின் கண்ணுக்கும் மூக்குக்கும் வந்து சேர்கிறது.

பிஸ்டன் இருந்தால் இத்தொல்லை இல்லை என்பார்கள். பாதிதான் உண்மை. ரைபிளை இயக்கிய வாயு முகத்துக்கு வராது, சரி. குழலினுள் தேங்கியது நேராகப் பின்வாங்கி வருகிறதே, அதைப் பிஸ்டன் என்ன செய்யும்? சேற்றிலும் பனியிலும் இயங்கவேண்டிய கலாஷ்னிகோவ் வாயுவைத் தாராளமாகவே எடுத்துக்கொள்ளும். அதில் சைலன்சர் மாட்டியவர் கண் கலங்குவதை எந்தப் பிஸ்டனும் தடுத்ததில்லை.

ஆகவே பிஸ்டனா, குழாயா என்ற சண்டையே எனக்கு இரண்டாம்பட்சம். எடுக்கும் வாயுவைக் குறைக்க ஒரு திருகு வேண்டும். எச்கே416ஏ5இல் அது உண்டு. அதைவிட முக்கியம், வாயுவை முன்னோக்கி விடும் சைலன்சர். அமெரிக்க மரைன் படை 2020 முதல் தன் காலாட்படையினருக்குப் பரவலாகச் சைலன்சர் வழங்கத் தொடங்கியது. அமெரிக்கத் தரைப்படை 2022இல் தேர்ந்தெடுத்த ரைபிளுடன் வரும் சைலன்சர், நச்சுப்புகை திரும்புவதைக் குறைக்கவென்றே வடிவமைக்கப்பட்டது. நாள்தோறும் சுட்டுப் பழகும் இளைஞர்களின் நுரையீரலை யாரோ கணக்கில் எடுத்திருக்கிறார்கள். இவ்வமைப்பில் குழல்முனை ஓசை சற்றுக் கூடலாம்தான். காதடைப்பான் எப்படியும் போட்டுக்கொள்ளத்தானே வேண்டும்.