கடுகு, நாய்க்கடுகு, பிரம்மதண்டு: பிரித்தறிவது எப்படி?

கேள்வி: எங்கள் மானாவாரிக் காட்டில் ராகியோடு ஊடுபயிராகக் கடுகு விதைத்துள்ளோம். அதற்குள் மஞ்சள் பூப் பூக்கும் களைகள் இரண்டும், வெள்ளைப் பூப் பூக்கும் களை ஒன்றும் வளர்ந்துள்ளன. ஒருவர் நாய்க்கடுகு என்கிறார், இன்னொருவர் காட்டுக்கடுகு என்கிறார். இவற்றின் விதை கடுகோடு கலந்துவிட்டால் கெடுதலா?
(ஒரு வாசகி, தாராபுரம் வட்டம்)

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள் அம்மா. இந்த மூன்றில் இரண்டால் ஆபத்தில்லை. மூன்றாவது நஞ்சு. கடுகு என்று பெயர் வைத்துவிட்டதால் எல்லாம் கடுகாகிவிடாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கடுகு. நான்கு மஞ்சள் இதழ்கள் சிலுவை போல விரிந்திருக்கும். மகரந்தத் தாள்கள் ஆறு. நான்கு நீளம், இரண்டு குட்டை. முற்றிய காயைப் பிளந்தால் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று காயை இரண்டு அறைகளாகப் பிரித்திருக்கும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் இதே குடும்பம். முள்ளங்கி பூக்க விட்டிருந்தால் அதிலும் இந்தச் சிலுவையைப் பார்க்கலாம்.

நாய்க்கடுகுக்கு நாய்வேளை என்றும் பெயர். இதற்கும் மஞ்சள் இதழ் நான்குதான். ஆனால் மகரந்தத் தாள்கள் ஆறுக்கு மேல் நிறைய இருக்கும். ஒரே காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரல் விரித்தது போல நிற்கும். செடியைத் தொட்டால் பிசுபிசுக்கும், வாடை அடிக்கும். காயைப் பிளந்தால் நடுவில் சவ்வு இருக்காது.

வெள்ளைப் பூப் பூப்பது நல்வேளை. தைவேளை என்றும் சொல்வார்கள். இதற்கும் விரல் போன்ற இலைதான், பெரும்பாலும் ஐந்து. பூவின் நடுவிலிருந்து ஒரு காம்பு நீண்டு, அதன்மேல் ஊதா நிற மகரந்தத் தாள்கள் ஆறு நிற்கும். இதன் கீரையைச் சமைத்து உண்பது நமக்குப் பழைய வழக்கம். வேளையின் வெண்பூவைத் தயிரில் இட்டுச் சமைத்த உணவு புறநானூற்றிலேயே வருகிறது.

இந்த இரண்டு வேளைகளும் கடுகுக் குடும்பத்துக்குப் பங்காளிக் குடும்பம். நாய்க்கடுகு விதையை உத்தராகண்ட் மலைமக்கள் ‘ஜக்கியா’ என்ற பெயரில் தாளிக்கவே பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஒன்றிரண்டு விதை கலந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் கடுகோடு சேர்த்து விற்கக் கூடாது, அது கலப்படம்.

இனி மூன்றாவது செடி: பிரம்மதண்டு, குடியோட்டிப் பூண்டு என்றும் பெயர். இது கடுகுக்குச் சொந்தமே இல்லை. கசகசாச் செடியின் குடும்பம், மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த களை. இலை விளிம்பெல்லாம் முள், இலை நரம்பு வெளுத்திருக்கும். பூ பெரியது, பெரும்பாலும் ஆறு இதழ். காயிலும் முள் உண்டு. தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். இந்தப் பாலே போதும் அடையாளத்துக்கு. கடுகிலும் இல்லை, வேளையிலும் இல்லை.

பச்சையாக நிற்கும்போது இது எளிதில் தெரியும். களத்துக்கு வந்த பிறகுதான் சிக்கல். விதை கடுகு அளவே இருப்பதால் சல்லடையில் பிரியாது. சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். கடுகு வழவழப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரம்மதண்டு விதை சொரசொரப்பாக, இன்னும் கருப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே வெள்ளை.

இந்த விதையின் எண்ணெயில் சாங்குனரின் என்ற நஞ்சு உண்டு. வழக்கமான சமையல் சூட்டில் அது போய்விடும் என்று நம்ப வேண்டாம். கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் பழுதாகும், கண்ணையும் பாதிக்கும். 1998இல் டெல்லியில் இந்த எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயால் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். நம்மூரில் யார் கடுகு எண்ணெயில் சமைக்கிறார்கள் என்று கேட்கலாம். நாம் விற்கும் கடுகு எந்தச் செக்குக்குப் போகும் என்று நமக்குத் தெரியாதே!

செய்ய வேண்டியவை:

1. பிரம்மதண்டு காய் பிடிக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். முள்ளுக்குப் பயந்து ஆடுமாடு வாய் வைக்காது. நாம்தான் எடுக்க வேண்டும். வரப்பையும் வேலியோரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

2. காய் முற்றிய செடியை எருக்குழியில் போடாதீர்கள். காய் நுனியில் வெடித்து விதை சிந்தும். ஓரிடத்தில் குவித்து எரித்துவிடுங்கள்.

3. கடுகு அறுக்கும் முன் காட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். களத்தில் ஒரு நாள் பொறுக்குவதைவிடக் காட்டில் அரை மணி நேரம் நடப்பது மேல்.

4. ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பேருக்குக் கால் வீக்கம் வந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சமைத்த எண்ணெயையும் கையோடு கொண்டு போங்கள்.

5. செடி இன்னதென்று தெரியாவிட்டால் இலை, பூ, காய் மூன்றும் உள்ள கிளையைச் செய்தித்தாளில் மடித்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் கொண்டு வாருங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் இருக்கிறது. பாடம் செய்த செடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வசதி உண்டு.

இந்த வாரமே காட்டுக்குப் போய், அந்த இரண்டு மஞ்சள் பூச்செடிகளின் தண்டையும் ஒடித்துப் பாருங்கள். மஞ்சள் பால் வந்தால் அன்றே பிடுங்கிவிடுங்கள்.