பட்டன் இருக்கு, ஆயுசு இருக்கா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு ஆணி அதிகமானதால தள்ளிப் போன பதிவு இது. போன வாரம் எங்க டவுன்ஷிப்ல ஒரு பழைய அம்பாசிடரை விலைக்குப் பார்க்கப் போன நண்பர், போன் பண்ணி "டயர் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு, பட்டன் தேயவே இல்லை, அதுக்காகவே கூட பத்தாயிரம் குடுக்கலாம்"னு சொன்னார். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இனியும் எழுதாம இருந்தா தப்புன்னு.

முதல்லயே சொல்லிடறேன். பழைய கனமான வண்டிக்கு டயர் வாங்கும்போது நாம பட்டனைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், பிராண்டைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது ரெண்டு: எப்போ செஞ்சது, எவ்வளவு பாரம் தாங்கும். மத்ததெல்லாம் அப்புறம்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். எங்க வீட்டு வண்டி 1986 மார்க் 4 அம்பாசிடர், பெட்ரோல். அப்பா 1994-ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. 2014 மே மாசம் உத்தரபாரா தொழிற்சாலையில உற்பத்தியை நிறுத்தினாங்கன்னு பேப்பர்ல வந்த அன்னிக்கு அப்பா அந்த வண்டியை ரெண்டு தடவை துடைச்சார். அதே வருஷம்தான் நாலு டயரும் மாத்தினோம். அதுக்கப்புறம் வண்டி பெரும்பாலும் வாசல்ல வேப்பமரத்தடியிலதான். ஞாயித்துக்கிழமை மார்க்கெட், எப்பவாவது வடலூர், வருஷத்துக்கு ஒரு தடவை சிதம்பரம். அவ்வளவுதான் ஓட்டம்.

2019 மே, நல்ல கத்திரி வெயில். அம்மா, அப்பா, பெரியம்மா, தங்கமணி, பொண்ணு, நான். ஆறு பேரும் டிக்கி நிறைய சாமானுமா சிதம்பரம் கிளம்பினோம். ஆர்ச் கேட் தாண்டி, வடலூர் தாண்டி, சேத்தியாத்தோப்பு பக்கம் போய்க்கிட்டிருக்கோம். வேகம் ஐம்பத்தஞ்சு இருக்கும். பின்னாடி இடது பக்கம் 'தப தப தப'ன்னு சத்தம். என்னன்னு யோசிக்கிறதுக்குள்ள படார்! வண்டி பின்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டி இடது பக்கம் இழுத்துது. எதிர்ல பஸ் வரலை. பக்கத்துல பைக் இல்லை. அதைத் தவிர நாங்க தப்பிச்சதுக்கு வேற காரணம் எதுவும் என்கிட்ட இல்லை.

இறங்கிப் பார்த்தா டயரோட பட்டன் பகுதி மொத்தமா உரிஞ்சு ரோட்டுல பாம்பு மாதிரி கிடக்கு. அதுல பட்டன் அப்படியே இருக்கு! நாலு நாள் முன்னாடிதான் அப்பாகிட்ட டயரை மாத்திடலாமான்னு கேட்டேன். "பட்டன் அப்படியே இருக்கு, எதுக்குடா காசைக் கரியாக்கறே?"ன்னார். நானும் சரின்னு விட்டுட்டேன். ஆக, குத்தம் அவர் மேல மட்டும் இல்லை.

பஞ்சர் கடைக்காரர் வந்து ஸ்டெப்னி மாட்டும்போது உரிஞ்ச டயரைத் திருப்பிக் காட்டினார். "சார், இந்த நம்பரைப் பாருங்க." நீளவட்டக் கட்டத்துக்குள்ள நாலு எண்: 2309. அதாவது 2009-ம் வருஷத்தோட 23-வது வாரம் செஞ்ச டயர். நாங்க புதுசுன்னு நினைச்சு 2014-ல வாங்கினப்பவே அதுக்கு அஞ்சு வயசு! வெடிச்ச அன்னிக்குப் பத்து. நாங்க ஓட்டின மொத்த தூரம் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட இருக்காது.

எந்தக் கடைன்னு சொல்லப் போறதில்லை. ஏன்னா, இது ஒரு கடையோட பிரச்சனை இல்லை. அம்பாசிடர் சைஸ் டயர் இப்போ தினமும் விற்கிற சரக்கு இல்லை. தினமும் விற்காத சரக்கு அலமாரியில உட்காரும். உட்கார்ந்தா வயசாகும். பழைய வண்டிக்காரங்க நமக்குத்தான் பழைய 'புது' டயர் கிடைக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு டயர் வெடிக்க வேண்டியிருந்துது.

சரி, ஓடாத டயர் ஏன் கெடணும்? காத்துல இருக்கிற ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெதுவா இறுக வைக்கும், வெடிப்பு விட வைக்கும். இதுக்காகவே டயர் ரப்பர்ல ஒரு மாதிரி மெழுகு கலக்கறாங்க. டயர் உருண்டு, நசுங்கி நிமிரும்போது அந்த மெழுகு உள்ளேயிருந்து மேல வந்து ஒரு படலமா நிக்கும். ஓடாம நிக்கிற டயர்ல அது சரியா நடக்கிறதில்லை. அதனால நிழல்ல பத்திரமா நிக்குதேன்னு நாம சந்தோஷப்படற வண்டியோட டயர், தினமும் ஓடற டாக்ஸி டயரை விட சீக்கிரம் வெடிப்பு விடலாம். தேயற டயர் 'என்னை மாத்து'ன்னு கண்ணுக்குத் தெரியற மாதிரி சொல்லும். நிக்கிற டயர் சொல்லாது.

வெளிநாட்டு உதாரணம் வேணும்னா நடிகர் பால் வாக்கர். 2013 நவம்பர்ல அவர் இறந்த விபத்துல நண்பர் ஓட்டின போர்ஷே காருக்கு ஒன்பது வருஷப் பழைய டயர். விபத்துக்கு முதல் காரணம் வேகம்தான்னு விசாரணை சொல்லுச்சு, ஆனா டயரோட வயசையும் சேர்த்தே குறிப்பிட்டாங்க. கோடிக்கணக்கான ரூபா வண்டி, டயர் மட்டும் கிழவன்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். அந்த விபத்துக்கப்புறம் நான் படிச்சு, அலைஞ்சு, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது.

முதல் சண்டை: நைலானா, ரேடியலா? அம்பாசிடருக்கு அந்தக் காலத்துல வந்தது 5.90-15 நைலான் டயர். குறுக்கும் நெடுக்குமா நூல் அடுக்கினது. பழைய வண்டி பிரியர்கள் சிலர் "ஒரிஜினல்னா நைலான்தான்"னு அடம் பிடிப்பாங்க. கண்காட்சியில நிறுத்தறதுக்குன்னா சரி. பெண்டாட்டி பிள்ளையை ஏத்திக்கிட்டு ரோட்டுல போறதுக்கு என் ஓட்டு ரேடியலுக்குத்தான். நெய்வேலிக்காரங்களுக்கு ரேடியலை விளக்கறது சுலபம். நம்ம சுரங்கத்துல மண்ணும் நிலக்கரியும் சுமக்கிற கன்வேயர் பெல்ட்டுக்குள்ள எஃகு கம்பி ஓடுது இல்லையா, அதே மாதிரி ரேடியல்ல பட்டனுக்குக் கீழ எஃகு கம்பி பட்டை சுத்தி வரும். பட்டன் ரோட்டுல தட்டையா நிக்கும், சூடு குறைவு, பிரேக் பிடிச்சா நிக்கும். நைலான்ல ராத்திரி நிறுத்தி காலையில எடுத்தா முதல் ரெண்டு கிலோமீட்டர் 'டொக் டொக்'னு குதிக்குமே, அதுவும் இல்லை. ஒரே கஷ்டம், வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். ஜிம்முக்குப் போற காசு மிச்சம் :-)

ஆனா ஒண்ணு, ரெண்டையும் கலக்காதீங்க. குறிப்பா முன்னாடி ரேடியல், பின்னாடி நைலான்னு போடவே கூடாது. வளைவுல பின்பக்கம் முதல்ல பிடி விட்டுடும். நாலும் ஒரே ரகம், முடிஞ்சா ஸ்டெப்னியும்.

அடுத்தது சைஸ். 5.90-15-க்கு ஈடா நான் போட்டிருக்கிறது 165/80 ஆர் 15. கடையில "165/80 இருக்கு சார்"னு உடனே சொல்வாங்க. ஏமாறாதீங்க, அது ஆர் 14 ஆ இருக்கும். இப்போ ஓடற சின்ன கார்களுக்கு அந்த சைஸ் சகஜம். நம்ம ரிம் 15, ஏறாது. அப்புறம், "175/65 ஆர் 15 போடுங்க, கச்சிதமா உட்காரும்"பாங்க. உட்காரும். கணக்கு மட்டும் உட்காராது.

165/80 ஆர் 15-ன் மொத்த உயரம் சுமார் 645 மில்லிமீட்டர். 175/65 ஆர் 15-க்கு சுமார் 608. கிட்டத்தட்ட 37 மில்லிமீட்டர் குறைச்சல். வண்டி 18 மில்லிமீட்டர் கீழ இறங்கும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்துல 57 கூட இருக்காது, அதே வேகத்துக்கு இன்ஜின் கூட உழைக்கும். சரி, பெருசா போடலாமேன்னு 195/80 ஆர் 15 போட்டா உயரம் 693. ஒல்லி ரிம்முல அந்த அகல டயர் பிதுங்கி நிக்கும், திருப்பும்போது உரசலாம், ஸ்பீடோமீட்டர் குறைச்சுக் காட்டும். 'கெத்து'க்காக இதைப் போட்டவங்களை எனக்குத் தெரியும். ஒருத்தர் கழட்டிட்டார், இன்னொருத்தர் இன்னும் கெத்தா உரசிக்கிட்டிருக்கார்.

மூணாவது பாரம். இதைத்தான் யாரும் பார்க்கிறதே இல்லை. சைஸுக்குப் பக்கத்துல ரெண்டு இலக்க எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும், 87 எஸ் மாதிரி. எழுத்து வேக வரம்பு. எஸ்னா 180 கிலோமீட்டர், நம்ம வண்டி அதைக் கனவுலதான் தொடும். எண்தான் முக்கியம். 82-ன்னா ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 84-ன்னா 500, 87-ன்னா 545.

அம்பாசிடர் காலியாவே 1100 கிலோவுக்கு மேல. அதுல நாம எப்படி ஏறுவோம்னு உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போனா எட்டு பேர். பண்ருட்டி வழியா திரும்பினா டிக்கியில ரெண்டு பலாப்பழம். குத்துமதிப்பா மொத்தம் 1700 கிலோ தாண்டிடும், அதுல பெரும்பங்கு பின்பக்க ரெண்டு டயர் மேல. ஒவ்வொண்ணுக்கும் 500 கிலோ கிட்ட வந்துடும். அப்போ 82, 84 எல்லாம் விளிம்புல நிக்கிற கதை. அதுவும் அந்த எண் சரியான காத்து இருந்தால்தான் செல்லும். காத்து குறைஞ்சா தாங்கற பாரமும் குறையும், பக்கச் சுவர் அதிகமா நசுங்கி சூடாகும். பாரம், வெயில், குறைஞ்ச காத்து, பழைய ரப்பர், இந்த நாலும் ஒண்ணு சேர்ந்தா என்ன ஆகும்னு நான் சேத்தியாத்தோப்பு ரோட்டுல பார்த்துட்டேன். அதனால 87-க்குக் கீழ வாங்காதீங்க.

என் வண்டிக்கு முன்னாடி 28 பவுண்டு, பின்னாடி 30, ஆள் அதிகம்னா பின்னாடி இன்னும் ரெண்டு கூட. காலையில டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கணும். ஓட்டிட்டு வந்து பார்த்தா கூடுதலா காட்டும், அதை நம்பி காத்தை இறக்கிடாதீங்க.

நாலாவது ட்யூப். இப்போ வர்ற டயர் எல்லாம் ட்யூப்லெஸ். ட்யூப்லெஸ் டயரைப் பிடிச்சு வைக்க ரிம்முல ஒரு மேடு இருக்கணும். பழைய ரிம்முல அது இருக்காது, துருவும் இருக்கும். அதனால உள்ள ட்யூப் போட்டுக்கிறதுதான் நல்லது, அதுவும் ரேடியலுக்கு ஏத்த புது ட்யூப். பழைய ட்யூபையே திணிச்சு இருநூறு முன்னூறு மிச்சம் பிடிக்காதீங்க. ரிம்முல விரிசல் இருக்கான்னும் அப்பவே பார்த்துடுங்க.

கடைசியா வயசு. என் விதி: வாங்கும்போது ஆறு மாசத்துக்குள்ள செஞ்சதா இருக்கணும், ஒரு வருஷத்துக்கு மேலன்னா வேண்டாம். அஞ்சு வயசு ஆனதும் வருஷா வருஷம் கழட்டிப் பார்க்கணும். ஏழு ஆனா பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாத்திடணும். பத்து வருஷத்துக்கு மேல எந்த டயரும் வேண்டாம்னு டயர் கம்பெனிகள்ல சிலரே சொல்றாங்க. அது குளிர் தேசத்துக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. நம்ம கத்திரி வெயிலுக்கு நான் மூணு வருஷம் கழிச்சுக்கிட்டேன். தேதி ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும் சில டயர்ல, வெளியே தெரியலைன்னா குனிஞ்சு உள்பக்கம் பாருங்க. ஸ்டெப்னியையும் மறக்காதீங்க. எங்க ஸ்டெப்னி அன்னிக்கு எந்த வருஷம்னு கேட்காதீங்க, அதுல ஏறி வீடு வந்து சேர்ந்ததை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

"நல்லா இருக்கிறதைத் தூக்கிப் போடணுமா?"ன்னு கேட்பீங்க. நம்ம அப்பா தலைமுறைக்கு அது பாவம் மாதிரி. செருப்பையே மூணு தடவை தைச்சுப் போட்டவங்க. அந்தச் சிக்கனத்துலதான் நாம படிச்சோம், அதைக் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிறது நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான். சிக்கனத்தை சீட் கவர்ல காட்டலாம், பெயிண்ட்ல காட்டலாம். அங்க காட்டக் கூடாது.

அந்த ஜூன்ல புது டயருக்கு ஆர்டர் குடுத்து மூணு வாரம் காத்திருந்தோம். வந்த அன்னிக்கு அப்பாவும் கடைக்கு வந்தார். ஒண்ணும் பேசலை. கடைப் பையன் டயரை உருட்டிட்டு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, முட்டி வலியோட குனிஞ்சு, அஞ்சு டயர்லயும் அந்த நாலு எண்ணை ஒவ்வொண்ணா தேடிப் படிச்சார். அப்புறம்தான் "மாட்டுப்பா"ன்னார்.

டிஸ்கி: போன்ல பேசின நண்பர் மறுபடி போய்ப் பார்த்தார். டயர்ல இருந்த எண் 1412. வண்டியை வாங்கிட்டார், டயருக்காகக் கூட குடுக்க இருந்த பத்தாயிரத்தைக் குடுக்காம, புது டயர் செலவையும் விலையில குறைச்சு :-) உங்க வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியில என்ன எண் இருக்குன்னு பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.