ஊசியை நம்பலாமா?

சென்ற விடுமுறையில் நண்பர்கள் நால்வர் செஞ்சிக் கோட்டை இராஜகிரியில் ஏறினோம். கையில் இரவல் வாங்கிய திரவமில்லாப் பாரமானி ஒன்று. சுமார் 800 அடி ஏறினால் பாதரசக் கணக்கில் அழுத்தம் 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் குறைய வேண்டும். உச்சியில் பார்த்தால் ஊசி அடிவாரத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது! "நாம் ஏறவேயில்லை போலும்" என்றான் ஒருவன். விரலால் தட்டினேன், ஊசி துள்ளி நகர்ந்தது. எதிரே கிருஷ்ணகிரி, கீழே வயல்கள். கண் சாட்சி சொன்னதால் கருவியின் பொய் சிரிப்போடு போயிற்று.

விமானத்தின் உயரமானியும் இதே பாரமானிதான். முகத்தில் அடிக்கணக்கு எழுதியிருக்கும், அவ்வளவே. சிறு விமானத்தில் உயரமானி, வேகமானி, ஏற்ற இறக்க வேகத்தைக் காட்டும் கருவி ஆகிய மூன்றும் விமானத்தின் பக்கவாட்டிலுள்ள ஒரு சிறு துளை வழியே வெளிக்காற்றின் அழுத்தத்தை அறிகின்றன. வேகமானிக்கு மட்டும் எதிர்காற்றை வாங்கும் பிட்டோ குழாய் கூடுதல். ஆகவே பழுது பார்ப்பவரின் வேலை நம் தர்க்கப் பாடம் போன்றது. வேகமானி மட்டும் பிதற்றினால் முதலில் குழாயைப் பார். மூன்றும் சேர்ந்து பிதற்றினால் துளையைப் பார். குற்றவாளியோ அற்பம்: தண்ணீர், தூசி, குளவி கட்டிய மண்கூடு. அவசரப்பட்டுக் குழாயை ஊதினால் கருவிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டுப் பெட்டி கெட்டுவிடும். கருவியின் இணைப்பைக் கழற்றிவிட்டே ஊத வேண்டும்.

பெரிய விமானங்களும் இந்தத் துளைக்கு அடிமைதான். 1996 அக்டோபரில் பெரு நாட்டில் விமானத்தைத் துடைத்தபோது துளைகள்மேல் ஒட்டிய நாடாவை எடுக்க மறந்தனர். நள்ளிரவுக்குப்பின் கிளம்பிய அவ்விமானம் கடலில் விழுந்து 70 பேரும் மாண்டனர். நம் நாட்டில் நடந்தது வேறு கருவியால். 1978 சனவரி 1 இரவு பம்பாயிலிருந்து எழுந்த ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா'வில் சாய்வைக் காட்டும் கருவி பழுதாகி, விமானம் வலப்புறம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. விமானி இடப்புறம் திருப்பினார். கீழே இருண்ட கடல். இராஜகிரியில் எங்களுக்குக் கிடைத்த கண் சாட்சி அவருக்கில்லை. 213 பேர் போயினர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சாய்வுமானி அதே அறையில் இருந்தது!

இதையெல்லாம் எழுதக் காரணம் நம் செய்முறை வகுப்பு. புத்தக விடைக்கு ஒத்துவராத அளவு கிடைத்தால் நம்மில் எத்தனை பேர் கருவியைச் சந்தேகிக்கிறோம்? அளவையல்லவா திருத்தி எழுதுகிறோம்! நானும் எழுதியவனே. பக்கத்துக் கருவியோடு ஒப்பிட்டு, "இது பழுது, காரணம் இன்னது" என்று கண்டு சொல்லும் மாணவனுக்கும் மதிப்பெண் தரவேண்டும் என்பேன். திருப்புளியைத் தொடாமலே ஒருவன் இயற்பியல் பட்டம் பெறுவது என்ன நியாயம்?

பாரமானியைத் திருப்பிக் கொடுக்கையில் ஊசி சிக்குவதைச் சொன்னேன். "தட்டினால் சரியாகிவிடுமே, தம்பி!" என்றார் உரியவர். திறந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை.