வெறுங்கரை எண்டு யார் சொன்னது?

2009க்குப் பிறகுதான் கல்குடாவைக் 'கண்டுபிடித்த' மாதிரி சுற்றுலா விளம்பரங்கள் எழுதுகின்றன. யார் தொலைத்ததாம்? எழுபதுகளிலேயே இங்கயும் பக்கத்துப் பாசிக்குடாவிலயும் வெள்ளைக்காரர் வந்து தங்கின ஹோட்டல்கள் இருந்தன. 1978 நவம்பரில் சூறாவளி. பிறகு போர், ஹோட்டல்கள் வெறும் சுவராய் நின்றன. 2004இல் சுனாமி. ஒவ்வொரு முறையும் இந்தக் கரைக்கே திரும்பி வந்தது மீன்பிடிச் சனம்தான்.

போர் முடிஞ்ச பிறகுதான் அவர்களுக்கு இடம் போதாமல் போனது! பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாய் எழும்ப, தோணி இழுத்து வைக்கிற கரையும் கடலுக்குப் போற பாதைகளும் சுருங்கின. அதில் ஒரு ஹோட்டலின் பெயருக்குச் சிங்களத்தில் 'மீன் மீன்' எண்டு அர்த்தம். நக்கலா எண்டு கேக்கத் தோணுது.

'வேலை கிடைக்குதுதானே' என்பார்கள். கிடைக்குது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, அடுத்த வருசம் கொரோனா. அறைகள் காலியானதும் முதலில் ஆட்டம் கண்டதும் அந்த வேலைதான். தோணி வைத்திருந்தவனுக்குக் கடலாவது மிச்சம்.

ஹோட்டல் வேண்டாம் எண்டு நான் சொல்லல. தோணிக்கான கரையை அளந்து, எல்லைக்கல் போட்டு, எழுத்தில தந்துபோட்டு அடுத்த ஹோட்டலைக் கட்டட்டும்.