ஆகாயத்தில் தண்ணீர் பம்பு: ஒன்று போதாது!

ஆகாயத்தில் பறக்கும் விமானத்துக்குத் தண்ணீர் பம்பு எதற்கு?

கேள்வி வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் வீட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை!

அமெரிக்காவில், மோட்டார் கார் நிறுத்தும் கொட்டகையில் விமானம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. விமானத்தின் பெரும்பகுதி வேலையைப் பொழுதுபோக்காகத் தங்கள் கையாலேயே செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இவர்களுக்காக 1953-ம் ஆண்டில் மில்வாக்கி நகரில் பால் போபரெஸ்னி என்பவர் ஒரு சங்கமே தொடங்கினார்.

கார் என்ஜின் பறக்கிறது

விமான என்ஜின் விலை மிக அதிகம். ஆகவே சிலர் கார் என்ஜினை விமானத்தில் பொருத்துகிறார்கள். இது புதிய யோசனை அல்ல. 1929-ம் ஆண்டிலேயே மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பெர்னார்டு பீட்டன்போல், ஃபோர்டு கார் என்ஜினை வைத்து ஒரு விமானத்தைப் பறக்கவிட்டார்.

சிறிய விமான என்ஜின்களில் பெரும்பாலானவை எதிர்க்காற்றினாலேயே குளிர்ந்துவிடும். கார் என்ஜின் அப்படி அல்ல. அதற்குத் தண்ணீர் வேண்டும். எரிகிற பெட்ரோலின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகிறது. மீதி எல்லாம் சூடு! அந்தச் சூட்டில் ஒரு பெரும் பகுதியைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் விடுகிறது. அந்தத் தண்ணீரை ஓட வைப்பது பம்பு.

1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது அவர்களுடைய என்ஜினில் தண்ணீர் பம்பு இல்லை. மேலே இருந்த தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது. முதல் தடவை பறந்தது 12 விநாடிதான். அதற்கு அது போதும். இரண்டு மணி நேரம் பறக்கிறவருக்குப் போதாது.

மின்சாரப் பம்பின் பெருமை

கார் என்ஜினில் உள்ள பழைய பம்பைப் பெரும்பாலும் பெல்ட் சுற்றுகிறது. அதை எடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் மின்சாரப் பம்பை வைக்கிறார்கள் சிலர். வேண்டாம் என்கிறார்கள் வேறு சிலர். யார் சொல்வது சரி?

மின்சாரப் பம்பில் நன்மை இருக்கிறது. என்ஜின் மெதுவாக ஓடினாலும் அது முழு வேகத்தில் தண்ணீர் இறைக்கும். என்ஜினை நிறுத்திய பிறகும் ஓடி, உள்ளே தங்கிய சூட்டை வெளியேற்றும். இடம் பார்த்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

அதன் சக்தியையும் பாருங்கள். நிமிஷத்துக்கு 80 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது, ரேடியேட்டரில் அதன் சூடு 10 டிகிரி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே போகும் சூடு எவ்வளவு தெரியுமா? 1,000 வாட் மின்சார அடுப்புகள் 56-ஐ ஒரே சமயத்தில் எரித்தால் எவ்வளவோ, அவ்வளவு! இதற்குப் பம்பு 10 ஆம்பியர் எடுத்தால், ஆகும் செலவு இரண்டு 60 வாட் பல்பு எரிகிற மின்சாரம்தான்.

2009-ல் வந்த டொயோட்டா பிரியஸ் காரிலேயே மின்சாரத் தண்ணீர் பம்பு வந்துவிட்டது. ஆகவே பம்பின் மேல் பழி சொல்வதற்கு இல்லை.

ஆபத்து எங்கே?

ஆபத்து, அந்தப் பம்புக்குப் போகும் ஒற்றைக் கம்பியில் இருக்கிறது!

ஒரு பியூஸ் போனால் பம்பு நின்றுவிடும். காராக இருந்தால் ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது?

"பெல்ட் மட்டும் அறாதா?" என்று மின்சாரப் பம்புக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெல்ட் அறுந்தால் பழைய பம்பு உடனே நின்றுவிடும். மின்சாரப் பம்போ பேட்டரியில் சிறிது நேரம் ஓடும். ஆனால் எவ்வளவு நேரம்? பெட்ரோல் பம்பு, தீப்பொறி கொடுக்கும் கருவி, தண்ணீர் பம்பு எல்லாம் சேர்ந்து 20 ஆம்பியர் எடுத்தால், 17 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 51 நிமிஷம் தாங்கும். பழைய பேட்டரி என்றால் அதுவும் தாங்காது.

இன்னொரு மோசமும் உண்டு. சூடு காட்டும் கருவி, தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகச் சொல்லும். குழாய் உடைந்து தண்ணீர் போய்விட்டால் அது காற்றைத்தான் அளக்கும். என்ஜின் வெந்துகொண்டிருக்கும், முள் மட்டும் "சுகம்" என்று காட்டும்! அதனால் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் அவசியம். அழுத்தம் விழுந்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

விமான என்ஜின் செய்கிறவர்கள் இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய என்ஜின்களில் தீப்பொறி கொடுக்கும் மாக்னெட்டோ இரண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளக் இரண்டு. ஒன்று கைவிட்டால் மற்றொன்று காப்பாற்றும். மாக்னெட்டோவுக்குப் பேட்டரியும் தேவை இல்லை.

அதே நியாயம் தண்ணீர் பம்புக்கும் வேண்டும். மின்சாரப் பம்பு வைக்கிறவர் இரண்டாக வைக்க வேண்டும். தனித்தனி கம்பி, தனித்தனி பியூஸ், தனித்தனி சுவிட்சு, தனித்தனி பேட்டரி. ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், நின்றுபோன பம்பின் வழியாகவும் தண்ணீர் ஓடும். பக்கம் பக்கமாக வைத்தால் ஒருவழி வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் தண்ணீர் நின்ற பம்பு வழியாகத் திரும்பிவிடும், என்ஜினுக்குப் போகாது.

பறப்பதற்கு முன்னால் தரையில் கட்டி வைத்து, ஒவ்வொரு பம்பையும் தனியாக ஓட்டி, என்ஜினை முழு வேகத்தில் சோதிக்க வேண்டும். அப்போதும் சூடு ஏறினால் பம்பை மாற்றிப் பயன் இல்லை. ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் சூட்டைச் சுமக்கும், அவ்வளவுதான். அதை வாங்கிக்கொள்வது காற்று.

இரண்டாவது பம்பினால் கூடுவது ஒன்றிரண்டு கிலோ எடைதான். தானே கட்டிய விமானத்தில் மனைவி மக்களை ஏற்றிச் செல்கிறவர் அந்தச் சுமைக்கு யோசிக்கக் கூடாது. அதற்கு மனம் இல்லையென்றால், பெல்ட்டில் ஓடும் பழைய பம்பே இருக்கட்டும். ஒற்றைக் கம்பியை நம்பி மட்டும் மேலே ஏற வேண்டாம்!