அந்த அரசே எடுத்த படம்

ராபர்ட் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவல் 1959இல் வந்தது. பால் வெர்ஹோவன் அதைப் படமாக்கியது 1997இல். நாவல் பாசிசத்துக்குக் கொடி பிடிக்கிறது என்று ஒரு தரப்பு இன்றும் சொல்கிறது. நாவலைப் புரிந்துகொள்ளாமல் இயக்குநர் கெடுத்துவிட்டார் என்கிறது மறுதரப்பு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் சண்டை ஓயவில்லை.

ஹைன்லைன் அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்து, காசநோயால் 1934இல் வெளியேறியவர். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி 1958இல் வந்த பத்திரிகை விளம்பரம் ஒன்று அவரைச் சீண்டியது. அந்தக் கோபம் நாவல் முழுக்கத் தெரிகிறது. அவருடைய எதிர்கால உலகில், அரசுப் பணியில் குறித்த காலத்தை முடித்தவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை. கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. பிடிக்காவிட்டால் வாக்குரிமையை விட்டுவிட்டு விலகலாம். சர்வாதிகாரியும் இல்லை, இனவெறியும் இல்லை. நாயகன் ஜுவான் ரிக்கோ வீட்டில் பேசுவது பிலிப்பைன்ஸ் மொழியான தகலாக். அதனால் பாசிசம் என்பது மிகையான பட்டம். ஆனால் சாட்டையடியும் தூக்கும் அங்கே நியாயமாகவே காட்டப்படுகின்றன. வகுப்பறை விவாதங்களில் ஆசிரியரை எதிர்க்கும் மாணவர் யாருக்கும் ஹைன்லைன் ஒரு நல்ல பதிலைக்கூடக் கொடுப்பதில்லை. வாதத்தில் தோற்க அவருக்கு மனமில்லை.

வெர்ஹோவன் 1938இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த ஹேக் நகரில் குண்டுவீச்சைப் பார்த்து வளர்ந்தவர். நாவலைச் சில அத்தியாயங்களோடு மூடிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் படம் செய்திருப்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நாவலின் அரசை அவர் வெளியிலிருந்து விமர்சிக்கவில்லை. அந்த அரசே ஒரு படம் எடுத்தால் எப்படியிருக்குமோ அப்படி எடுத்தார். ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் தொடங்கி ஆள்சேர்ப்பு விளம்பரத்திலேயே முடிகிறது. லெனி ரீஃபன்ஸ்டாலின் நாஜிப் பிரசாரப் படத்தை நினைவூட்டும் அணிவகுப்பு வருகிறது. உளவு அதிகாரி கெஸ்டபோ பாணிக் கறுப்பு அங்கியில் நடமாடுகிறார். ரிக்கோ சிலை போன்ற முகவெட்டுடைய பியூனஸ் அய்ரஸ் இளைஞனாகிவிட்டான். இதையெல்லாம் கிண்டலடிக்க ஒரு பாத்திரம்கூடப் படத்துக்குள் இல்லை. வெளிவந்தபோது பலர் இதை நேரான போர்ப்படமாகவே எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

நாவலில் மனிதர்கள் போரிடுவது வேற்றுலகப் பூச்சிகளோடு; அவற்றுக்கு விண்கலங்களும் ஆயுதங்களும் உண்டு. படத்தில் வருபவை கருவி எதையும் கையாளாத உயிரினங்கள். பியூனஸ் அய்ரஸை அழித்த விண்கல்லை உண்மையில் அவைதான் அனுப்பினவா? படம் வாய் திறப்பதில்லை; அரசின் செய்திப்படம் மட்டுமே அப்படிச் சொல்கிறது. இந்த ஒரு மாற்றம், போருக்கான காரணத்தையே சந்தேகத்துக்குள்ளாக்குகிறது.

கவசம் காணாமல்போனது இன்னொரு மாற்றம். ஹைன்லைனின் காலாட்படை வீரன் இயந்திரக் கவசத்துக்குள் இருக்கும் நிபுணன். விண்கலத்திலிருந்து தனித்தனிக் குப்பியில் இறங்குபவன். படத்தில் துப்பாக்கியோடு கும்பலாக ஓடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் மடிந்ததாகச் செய்தி வருகிறது. நாவலிலும் முதல் படையெடுப்பு படுதோல்விதான். ஆனால் அங்கே ராணுவம் தன் ஆட்களை மதிக்கிறது. வீரனைக் கைவிடாமல் மீட்டுவருவது அதன் பெருமை. அந்தப் பெருமையைப் படம் பறித்துக்கொண்டது. ஹைன்லைன் வாசகர்களின் கோபத்தில் எனக்கு நியாயமாகப் படுவது இந்த இடம்தான்.

இருந்தாலும் மூலத்தோடு சண்டை போடும் படம், அதை ஓசையில்லாமல் கத்தரிக்கும் படத்தைவிட எனக்கு உவப்பானது. அப்படிக் கத்தரித்ததற்கு ஓர் உதாரணம்: 'எண்டர்ஸ் கேம்' நாவலில் நாயகன் எண்டரின் அண்ணனும் அக்காவும் புனைபெயர்களில் எழுதி உலக அரசியலையே திருப்புகிறார்கள். 2013இல் வந்த படத்தில் அந்தக் கிளைக்கதை அடியோடு இல்லை.